கிறிஸ்துமஸ் பரிசு: ஸ்க்ரஞ்சியா, ரிப்பன் கிளிப்பா?

பெண் பிள்ளைகளுக்குக் கையால் செய்து கொடுப்பதென்றால் என் ஓட்டு ஸ்க்ரஞ்சிக்குத்தான். 1987-இல் அமெரிக்காவில் ரோமி ரெவ்சன் காப்புரிமை வாங்கிய இந்த முடி கட்டும் துணி வளையத்துக்கு, பிளவுஸ் தைத்து மிஞ்சிய துண்டே போதும். 4 அங்குல அகலம், 20 அங்குல நீளம். நல்ல பக்கம் உள்ளே வர மடித்து, நீளவாக்கில் தைத்துப் புரட்டுங்கள். எலாஸ்டிக் நுனியில் ஊக்கு மாட்டி உள்ளே கோத்து, சுருக்கி முடிச்சுப் போட்டு, துணியின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். எலாஸ்டிக் 7, 8 அங்குலம் போதும்; கூடினால் முடியில் நிற்காது. சிவப்புப் பட்டுத் துண்டு கிடைத்தால் அழகோ அழகு!

ரிப்பன் கிளிப்புக்குத் தையல் மெஷின் வேண்டாம். சாட்டின் ரிப்பன் நுனியை மெழுகுவர்த்திச் சுடரருகே லேசாகக் காட்டினால் நூல் பிரியாது. ஆனால் ரிப்பனைக் கிளிப்பில் ஒட்ட, க்ளூ கன்னில் உருகி வரும் பசையை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் இளகிவிடும். பட்டாம்பூச்சி போல மடித்த ரிப்பனின் நடுவில் கிளிப்போடு சேர்த்துக் கையால் நாலு தையல் போடுங்கள். குட்டை முடிக்கு ரிப்பன் கிளிப்தான் சரி. கைக்குழந்தை உள்ள வீடென்றால் முத்து, மணி ஒட்டவே வேண்டாம்.

கிளிப்புகளை வரிசையாக மாட்ட, மேலே கொக்கி தைத்த அகல ரிப்பன் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்க்ரஞ்சிக்கு வீட்டிலுள்ள வளையல் ஸ்டாண்டே போதும்.