கொடையாளர் வீடா, திட்ட வீடா? காணி உறுதியை முதலில் பாருங்கள்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் போக எங்கள் குடும்பத்துக்கு ஒரே காலத்தில் இரண்டு வழி வந்தது. ஒன்று, கோயில் கமிட்டி மூலம் வெளிநாட்டு அன்பர்கள் சிலர் லயத்துக்குப் பின்னால் இருந்த வெறும் நிலத்தில் கட்டித் தருவதாகச் சொன்ன வீடு. மற்றது, இந்திய அரசின் நன்கொடையில் மலையகத்துக்கு வந்த 4,000 வீட்டுத் திட்டம். காத்திருந்து திட்ட வீட்டை எடுத்தோம். டித்வா புயலுக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இதே கேள்வியோடு நிற்கின்றன. என் சாய்வு திட்ட வீட்டின் பக்கம்தான்.

கட்டடத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் (ஒற்றை அறையில்) மூன்று தலைமுறை படுத்தெழும்பியவர்களுக்கு எது கிடைத்தாலும் பெரிது. திட்ட வீடு 550 சதுர அடி. இரண்டு அறை, ஹால், குசினி, மலசலகூடம். கொடையாளர் வீடு சேர்ந்த பணத்தைப் பொறுத்துக் கூடும், குறையும்.

வேகத்தில் கொடையாளரை மிஞ்ச முடியாது. பணம் சேர்ந்தால் அடுத்த மழைக்கு முன் கூரை ஏறிவிடும். அரசாங்கத்தின் கதை வேறு. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதன் முதல் தொகுதிக்கு 2024 பெப்ரவரியில்தான் அடிக்கல் நட்டார்கள். இவ்வளவு காலம் தகரத்துக்குக் கீழே பிள்ளைகளோடு பொறுத்திரு என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. இன்னொன்றும் உண்டு: செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில்) பேர் இல்லாதவர்கள், தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் போய்ப் பேச ஆளில்லாத விதவைகள் ஆகியோரைக் கொடையாளர்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். அந்த மனதுக்கு நான் கைகூப்புகிறேன்.

பிறகு ஏன் காத்திருந்தோம்? காணிக்காக.

தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, காணி நீண்ட குத்தகையில் இருக்கிறது. கல், சீமெந்து, கூலி எல்லாம் கொடையாளர் தரலாம். நிலத்தைத் தர அவரால் முடியாது. துரை (தோட்ட மேலாளர்) நல்ல மனதோடு "கட்டிக்கொள்ளுங்க" என்று சொன்னாலும் அது வாய்ச்சொல்தான். துரை மாறினால் அந்தச் சொல்லும் போய்விடும். அரசாங்கம் குத்தகையிலிருந்து காணியை விடுவித்தால்தான் அதற்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எழுத முடியும். எங்கள் 4,000 வீட்டுத் திட்டத்தில் அதைத்தான் செய்தார்கள்: குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் (ஏறத்தாழ 1,900 சதுர அடி). 2018 இல் டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகளைக் கையளித்தபோது எங்கள் பக்கத்துச் சனம் வீட்டின் அழகைவிட உறுதியைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

உறுதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்திலேயே பார்த்தேன். எங்களுக்கு வந்தது போன்ற ஒரு வீட்டை ஏற்றுக்கொண்ட அக்கா ஒருவர், பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் பயந்துபோனார். வீட்டில் யாரும் மலைக்கு (தோட்ட வேலைக்கு) போகவில்லையே, தோட்டம் திருப்பிக் கேட்குமோ என்று. யாரும் இன்னும் கேட்கவில்லை. ஆனாலும் மகனுக்கு ஒரு அறை இழுத்துக் கட்டப் போனபோது நிறுத்திவிட்டார்கள். வங்கியில் கடன் கேட்டால் முதல் கேள்வியே உறுதி எங்கே என்பதுதான். எங்கள் உறுதியில் என் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் இருக்கின்றன. நாளைக்கு மகளுக்கு எழுதிக்கொடுக்கலாம், பக்கத்தில் ஒரு அறை சேர்க்கலாம். வேலையை விட்டாலும் வீடு போகாது.

காணி இல்லாமை உயிரையும் எடுத்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். எழும்பிப் போக அந்தச் சனத்துக்கு எங்கே காணி இருந்தது? ஆகவே எந்த வீடானாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இல்லாமல் அத்திவாரம் வெட்ட விடாதீர்கள். அவசரத்தில் கட்டும் வீடுகளில் இந்தப் படியைத்தான் முதலில் தாண்டிவிடுகிறார்கள்.

திட்ட வீட்டின் குறைகளையும் மறைக்க மாட்டேன். வீட்டுக்கு ஒதுக்கிய ரூபாய் 9.5 இலட்சம் எங்களுக்குப் போதவில்லை. நகையை அடகு வைத்தோம், மண் வேலையை நாங்களே செய்தோம். வீடு தந்த உடனே உறுதி கைக்கு வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள், சில இடங்களில் சனம் குடிபோய்ப் பல காலம் கடதாசிக்கு அலைகிறது. தண்ணீரும் பாதையும் வீட்டுக்குப் பிறகுதான் வந்தன. கூரையும் சுவரும் எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் இன்னும் இருந்து பார்க்கவில்லை.

கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். காணி விடுவிக்கப்பட்ட இடங்களில் திட்டப் பணம் போதாமல் அரைகுறையாய் நிற்கும் வீடுகளுக்குத் தாங்குசுவர், தண்ணீர்க் குழாய், கதவு ஜன்னல் என்று கொடுங்கள். உங்கள் காசு யாரும் கலைக்க முடியாத நிலத்தில் நிற்கும். புதிதாகவே கட்டுவதானால், முதல் கல் வைக்கும் முன் பிரதேச செயலகத்துக்குப் போய் அந்தக் காணி விடுவிக்கப்பட்டதா, உறுதி யார் பெயரில் எழுதப்படும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீடு ஏற்கும் குடும்பமும் அந்தக் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.