சோகலோவை மீட்பது யாருக்காக? - மெட்டல் கியர் சாலிட் டெல்டா: ஸ்னேக் ஈட்டர்

கோனாமி நிறுவனம் 2004ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வெளியிட்ட ‘மெட்டல் கியர் சாலிட் 3: ஸ்னேக் ஈட்டர்’ விளையாட்டை, அன்ரியல் எஞ்சின் 5 என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருள் கொண்டு முழுவதுமாக வரைந்தெடுத்து, 2025 ஆகஸ்ட் 28 அன்று பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ், கணினி ஆகியவற்றுக்கு ‘மெட்டல் கியர் சாலிட் டெல்டா: ஸ்னேக் ஈட்டர்’ என்ற பெயரில் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. படம்தான் புதிது, கதை, வசனம், நடிகர்களின் குரல், காவலர்கள் ரோந்து வரும் பாதை வரை மற்றவை பெரும்பாலும் பழையவையே. முழு விலை கொடுத்து வாங்கத் தகுந்ததா என்று கேட்டால், இதுவரை ஆடாதவர்கள் தயங்காமல் வாங்கலாம் என்பேன். ஏற்கெனவே ஆடியவர்களுக்கு அதே பதிலை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கதை 1964 ஆகஸ்ட் மாதம் தொடங்குகிறது. சோவியத் ஒன்றியத்தின் உட்பகுதியில் செலினோயார்ஸ்க் என்ற கற்பனைக் காட்டில், ‘ஷாகோஹாட்’ என்னும் அணு ஏவுகணை தாங்கிய டாங்கியை வடிவமைக்கும் சோகலோவ் என்ற விஞ்ஞானி, கேஜிபி காவலில் ஒரு பாழடைந்த தொழிற்சாலையில் அடைபட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெர்லின் வழியாக மேற்கு நாடுகளிடம் தஞ்சம் புகுந்தவர் அவர். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டதால் எழுந்த கியூபா ஏவுகணை நெருக்கடியைத் தீர்க்கும் பேரத்தில் அமெரிக்காவே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. இப்போது அவரை மறுபடி கூட்டிவர, நேக்கட் ஸ்னேக் என்ற வீரனை சிஐஏ தன்னந்தனியாக விமானத்திலிருந்து குதிக்க வைக்கிறது. ஸ்னேக் சோகலோவைக் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிப்பதில்லை. ஆனால் திரும்பும் வழியில், ஒரு தொங்கு பாலத்தில் எல்லாம் கைநழுவிப் போகிறது. அவனுக்குப் போர்க்கலை கற்றுக்கொடுத்த ‘தி பாஸ்’ என்ற பெண், இரண்டு சிறிய அணுகுண்டுகளுடன் எதிர்த்தரப்புக்கு மாறி, அவன் கையை முறித்து ஆற்றில் எறிந்துவிடுகிறார். அந்தக் குண்டுகளில் ஒன்றை வோல்கின் என்ற கர்னல் சோவியத் மண்ணிலேயே வெடிக்கச் செய்ய, பழி அமெரிக்காவின் மேல் விழுகிறது. ஒரு வாரம் கழித்து ஸ்னேக் மறுபடியும் அதே காட்டுக்கு அனுப்பப்படும்போது, விஞ்ஞானியை மீட்பதோடு தன் குருவைக் கொன்று அமெரிக்காவின் மீதான பழியைத் துடைக்கும் வேலையும் அவன் தலையில் சுமத்தப்படுகிறது.

இதன் கதையமைப்பில் எனக்குப் பிடித்தது, உண்மையில் நடந்தவற்றை மாற்றாமல் அவை நடந்த காரணத்தை மட்டும் மாற்றும் உத்தி. 1962 அக்டோபர் நெருக்கடியின்போது, துருக்கியில் நிறுத்தியிருந்த 15 ஜூபிடர் ஏவுகணைகளை அகற்றிவிடுவதாக அமெரிக்க அதிபர் கென்னடியின் அரசு சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு ரகசியமாக வாக்களித்ததும், 1963 ஏப்ரலுக்குள் அவை அகற்றப்பட்டதும் வரலாறு. அந்த ஏவுகணைகள் எப்படியும் காலாவதியாகிக்கொண்டிருந்தவை, அவை வெறும் முகமூடி, குருஷ்சேவ் கேட்ட உண்மையான விலை சோகலோவ்தான் என்கிறது இந்த விளையாட்டு. அதே போல, கதை செப்டம்பர் தொடக்கத்தில் முடிகிறது. குருஷ்சேவ் பதவியிழந்தது அக்டோபர் 14 அன்று. மாஸ்கோவின் அதிகாரப் போட்டி காட்டில் நடப்பவற்றின் பின்னணியில் நிழல்போல வந்துகொண்டே இருப்பதால், குருஷ்சேவின் பெயர் வானொலியில் அடிபடும்போதெல்லாம் அவருக்கு எஞ்சியிருக்கும் வாரங்களை மனம் எண்ணத் தொடங்கிவிடுகிறது.

டேவி கிராக்கெட் என்ற அந்தச் சிறிய அணுகுண்டும் புனைவல்ல. அமெரிக்கத் தரைப்படை 1961 முதல் 1971 வரை கையிருப்பில் வைத்திருந்த ஆயுதம் அது. சுமார் 23 கிலோ எடையுள்ள அதன் வெடிமுனையின் திறன் ஏறத்தாழ 20 டன் டிஎன்டி, அதாவது ஹிரோஷிமா குண்டில் எழுநூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முக்காலியிலோ ஜீப்பிலோ பொருத்திச் சுட வேண்டிய அதை வோல்கின் ஹெலிகாப்டரில் நின்றபடி கையில் ஏந்திச் சுடுவதையும், அதிலிருந்து எழும் பிரம்மாண்டமான காளான் மேகத்தையும் நாடகத்துக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிஜத்தில் விஞ்ஞானிகள் மீட்கப்பட்ட கதைகள் இவ்வளவு துப்பாக்கிச் சத்தத்தோடு நடக்கவில்லை. 1943இல் நாஜிகளின் பிடியிலிருந்த டென்மார்க்கிலிருந்து நீல்ஸ் போர் (Niels Bohr) என்ற விஞ்ஞானி ஒரு படகில் ஸ்வீடனுக்குத் தப்பினார். அங்கிருந்து ஒரு மாஸ்கிட்டோ விமானத்தின் குண்டு வைக்கும் அறையில் அவரைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். தலைக்கவசம் அவர் தலைக்குச் சிறியதாக இருந்ததால் ஆக்சிஜனைத் திறக்கும்படி விமானி சொன்னது காதில் விழாமல், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பாதி வழியில் மயங்கிவிட்டார். ஆயினும் அந்தச் சம்பவமும் இந்த விளையாட்டும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன: மீட்பவர்களுக்கு வேண்டியது அந்த மனிதரின் உயிர் மட்டுமல்ல, அவர் மண்டைக்குள் இருப்பது எதிரிக்குப் பயன்படாமல் போவதும்தான். சோகலோவுக்கு இது நன்றாகவே தெரியும். அமெரிக்கர்களைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் வழக்கமான கைதியாக அல்லாமல், இரண்டு வல்லரசுகளும் தன்னை மாறி மாறிப் பண்டமாற்று செய்ததைப் பார்த்துவிட்ட, தான் செய்த இயந்திரத்தை நினைத்து நடுங்குகிற ஒரு மனிதராக அவர் எழுதப்பட்டிருக்கிறார்.

அவருக்கு நேரெதிரான விஞ்ஞானி ஒருவரும் வருகிறார். கிரானின் என்ற அந்த முதியவர், தன் ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில் குடித்துக்கொண்டு, தன்னுடைய நடக்கும் டாங்கியை ஒதுக்கிவிட்டு சோகலோவின் திட்டத்துக்குப் பணம் கொடுத்துவிட்டார்கள் என்று புலம்புகிறார். ஒருவருக்கு ஆயுதம் உருவாகிவிட்டதே என்ற அச்சம், மற்றவருக்கு உருவாகவில்லையே என்ற ஆற்றாமை. அந்த ஆற்றாமையில், தன் வரைபடங்களை அமெரிக்காவிலுள்ள நண்பருக்கு அனுப்பிவிடப்போவதாக கிரானின் சொல்லும் சில நிமிடங்கள்தான், துப்பாக்கி எதுவும் வெடிக்காத இந்தக் காட்சியை மெட்டல் கியர் விளையாட்டுத் தொடர் முழுவதற்கும் விதையாக்குகின்றன. அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய நாம் விஞ்ஞானி வேடம் போட வேண்டும். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் காவலர்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அங்கே வேலை செய்யும் விஞ்ஞானிகள் முகத்தைப் பார்த்த உடனே இவன் நம்மவனல்ல என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆகவே ஆயுதம் தாங்கியவனின் முன்னால் நிமிர்ந்து நடந்து, கையில் காகிதக் கட்டு வைத்திருப்பவரைக் கண்டு ஒளிய வேண்டியிருக்கிறது. வசனம் ஒன்றுமில்லாமல் அந்த நிறுவனத்தின் இயல்பை இந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது.

விளையாடும் அனுபவத்தின் மையம் மறைந்திருத்தல். உடையின் நிறமும் முகப்பூச்சும் சுற்றியுள்ள புல்லோடும் மரப்பட்டையோடும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத் திரையின் மூலையில் ஒரு சதவீத எண் காட்டிக்கொண்டே இருக்கும். சரியான உடையில் உயரமான புல்லுக்குள் குப்புறப் படுத்தால் அது தொண்ணூறை நெருங்கும்; கொஞ்சம் நகர்ந்தால் சரிந்துவிடும். காவலரின் பூட்ஸ் முகத்துக்கு ஓரடி தூரத்தில் மிதித்துச் செல்லும்போது, கன்ட்ரோலரில் விரல் அசையாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை ஆடியவர்களே அறிவார்கள்.

மறைந்திருக்கும் உடலுக்குப் பசிக்கவும் செய்கிறது. உடல்வலு குறைந்தால் குறி பார்க்கும் கை நடுங்குகிறது. அதை மீட்கப் பாம்பு, தவளை, மீன், காளான் என்று காட்டில் கிடைப்பதை வேட்டையாடித் தின்ன வேண்டும். கொன்ற இறைச்சி பையில் கெட்டுப்போகும். விளையாட்டை மூடிவிட்டுச் சில நாட்கள் கழித்துத் திறந்தால், இடையில் கடந்த நிஜ நாட்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அது அழுகியிருக்கும். மயக்க ஊசியால் சுட்டு உயிரோடு பிடித்த பிராணிகள் மட்டும் கெடுவதில்லை. அவற்றில் நச்சுப் பாம்புகளைக் காவலர்கள் மீது வீசவும் செய்யலாம். எதிரிகளுக்கும் இதே பசி உண்டு. உணவுக் கிடங்கைக் குண்டு வைத்துத் தகர்த்துவிட்டால், அந்தப் பகுதிக் காவலர்கள் சோர்ந்து, நாம் வீசியெறியும் அழுகிய இறைச்சியைக்கூட எடுத்துத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சோவியத் காட்டில் இந்தியாவின் ‘கரியால்’ வகை முதலையும் தென்கிழக்காசிய மலைப்பாம்பும் எப்படி வந்தன என்று கேட்கத்தான் தோன்றும். தின்பதற்கு வகை வேண்டும் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

காயங்களும் இதே கண்டிப்போடுதான் நடத்தப்படுகின்றன. உடலில் தங்கிய தோட்டாவைக் கத்தியால் தோண்டியெடுத்து, கிருமிநாசினி தடவி, தையல் போட்டு, கட்டுக் கட்ட வேண்டும். அட்டை ஒட்டிக்கொண்டால் சுருட்டு நெருப்பால் சுட்டு விலக்க வேண்டும். இந்தப் பாடம் நமக்கு முதன்முதலில் கிடைப்பது, தி பாஸ் முறித்த கையோடு ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடக்கும்போது. மறுஆக்கத்தில் இதற்கு ஒரு நல்ல சேர்க்கை உண்டு: காயங்கள் தழும்பாக மாறிக் கடைசி வரை உடலிலேயே தங்கிவிடுகின்றன. ஒவ்வொருவர் ஆடிய விதமும் அவரவர் ஸ்னேக்கின் மேனியில் பதிந்துவிடுகிறது.

பெரும் எதிரிகளுடனான சண்டைகளில் தரம் ஏறி இறங்குகிறது. குளவிகளை ஏவும் ‘தி பெய்ன்’ சாதாரண வித்தை. ‘தி எண்ட்’ என்னும் முதிய குறிசுடும் வீரருடனான சண்டை வேறு ரகம். மூன்று பெரிய காட்டுப் பரப்புகளில், காலடித் தடத்தையும் கண்ணாடி மினுங்கலையும் தேடித் தேடி, பொறுமை உள்ளவர் வெல்லும் ஆட்டம் அது. சண்டைக்கு நடுவே விளையாட்டைச் சேமித்துவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் திரும்பாமல் இருந்தால், கிழவர் வயோதிகத்தால் தானாகவே இறந்துவிடுவார் என்ற பழைய குறும்பும் அப்படியே இருக்கிறது. ‘தி சாரோ’வின் ஆற்றில் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. அதுவரை நாம் கொன்றவர்கள் எல்லாரும் எதிரே நடந்து வருவார்கள். மயக்க ஊசியோடு நிறுத்திக்கொண்டவருக்கு ஆறு ஏறக்குறைய வெறுமையாக இருக்கும், கண்டவரையெல்லாம் சுட்டவருக்கு அது முடிவதே இல்லை.

டெல்டா சேர்த்தவற்றில் முக்கியமானது, தோளுக்குப் பின்னாலிருந்து காட்டும் கேமராவும் குனிந்தபடி நடக்கும் வசதியும் கொண்ட புதிய கட்டுப்பாட்டு முறை. உடை மாற்றுவதற்கும் ஒவ்வொரு முறையும் பட்டியலுக்குள் நுழைந்து தேட வேண்டிய தொல்லை குறைந்துவிட்டது. பழைய கோணத்தையே விரும்புகிறவர்களுக்கு அதுவும் தனி முறையாக உண்டு. ஆனால் புதிய கேமராவுக்கு ஏற்றபடி காவலர்களின் கூர்மையையோ காட்டின் அமைப்பையோ மாற்றவில்லை. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்காக அளந்து வைத்த சிறு சிறு வெளிகளில் இப்போது குறிபார்ப்பது மிகவும் எளிது; எதிரிகள் சில வேளைகளில் குருடர்களாகவே தெரிகிறார்கள். ஒவ்வொரு வெளிக்கும் இடையே திரை இருண்டு அடுத்ததை ஏற்றும் பழக்கமும் மாறவில்லை. இவ்வளவு செலவழித்துக் காட்டை வரைந்தவர்கள் அந்தச் சுவர்களையாவது எடுத்திருக்கலாம். கதையை எழுதி இயக்கிய ஹிதேயோ கொஜிமா 2015இலேயே கோனாமியை விட்டு விலகிவிட்டார். கைவைத்தால் கெட்டுவிடுமோ என்ற பயம் மறுஆக்கக் குழுவிடம் இருந்ததுபோல் தெரிகிறது, அது முழுக்கத் தவறான பயமென்றும் சொல்ல முடியாது.

பழைய விளையாட்டின் குறைகளும் அதே விசுவாசத்தோடு கூடவே வந்துவிட்டன. தொடக்கத்தில் நாம் ஆடுவதைவிட இடைக்காட்சிகளையும் வானொலிப் பேச்சுகளையும் கேட்டுக்கொண்டிருப்பதே அதிகம். தமிழில் வசன வரிகள் கிடையாது. ஆங்கிலத்தை வேகமாகப் படித்துப் பழகாதவர்களுக்கு அணு ஆயுத அரசியல் பேசும் பகுதிகள் சோதனையாக இருக்கும். ஈவா என்ற உளவாளி மிகத் திறமையானவளாக எழுதப்பட்டிருந்தும், கேமரா அவள் உடலை மேயும் விதம் 2004லேயே அசட்டுத்தனம். இன்று அதை நியாயப்படுத்த ஒன்றுமில்லை. வெளியான வேளையில் பெரிய சண்டைகளில் படவேகம் தடுமாறுகிறது என்ற புகாரும் பரவலாக எழுந்தது. கணினியில் நொடிக்கு 60 படங்கள் என்ற உச்சவரம்பு இருந்ததும் விலையுயர்ந்த கருவி வைத்திருப்பவர்களைக் கடுப்பேற்றியது.

முதல்முறை ஆடுகிறவர்கள் புதிய கட்டுப்பாட்டு முறையை வைத்துக்கொண்டு கடினநிலையை மட்டும் ஒரு படி ஏற்றிக்கொள்வது நல்லது. இயல்பு நிலையில் பசியும் காயமும் போதிய அளவு கடிக்காது, அவை கடிக்காவிட்டால் இந்த விளையாட்டின் பாதி சுவை போய்விடும். பழைய மெட்டல் கியர் விளையாட்டுகளைச் சேர்த்து 2023இல் வந்த ‘மாஸ்டர் கலெக்‌ஷன்’ தொகுப்பு ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு, அதே சோகலோவும் அதே தொங்கு பாலமும் அதே குரல்களும் அதிலேயே முழுமையாக இருக்கின்றன. அவர்கள் டெல்டாவின் விலை பாதியாகக் குறையும் தள்ளுபடி வரும்வரை காத்திருக்கலாம்.