டேலி படிக்கக் கல்லூரியா, கணினி மையமா, ஆடிட்டர் அலுவலகமா?

போன வருடம் அக்கா மகள் பி.காம். இரண்டாம் ஆண்டுக்குப் போனபோது ஒருநாள் ராத்திரி போன் செய்தாள். "சித்தி, மூணாவது செமஸ்டர்ல டேலி லேப் இருக்கு. ஆனா கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் வெளிய சென்டர்ல சேர்றாங்க. நானும் சேரட்டுமா?" என்றாள். டேலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள். அக்கம்பக்கத்தில் ஒருவர், படிக்கும்போதே ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்பினால் வேலையும் பழகிவிடும், கையில் நாலு காசும் வரும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

இதே மூன்று வழிகளும் 2017-இல் என் முன்னாலும் இருந்தன. நான் கல்லூரி லேபில் படித்தேன். ஒரு தோழி கணினி மையத்தில் சேர்ந்தாள், இன்னொருத்தி ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாள். இப்போது விருதுநகரில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆறேழு வருடம் இந்த வேலையில் இருந்துவிட்டுச் சொல்கிறேன்: என் ஓட்டு கல்லூரிக்குத்தான். ஆனால் கல்லூரியில் பாடம் நடக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை, வேறொரு காரணத்துக்காக.

வெளிப்படையாகத் தெரிகிற விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை, அல்லது கொஞ்சம்தான் கட்ட வேண்டியிருக்கும். மையத்தில் சில ஆயிரங்கள் ஆகும். ஆடிட்டர் அலுவலகத்தில் அவர்களே ஏதாவது தருவார்கள். வேகம் என்று பார்த்தால் மையம்தான் முதலில் வரும். இரண்டு மாதத்தில் F5 பேமென்ட், F6 ரசீது, F7 ஜர்னல், F8 விற்பனை, F9 கொள்முதல் என்று விரல் தானாகப் போகும். என் தோழி கண்ணை மூடிக்கொண்டு வவுச்சர் (ஒவ்வொரு வரவு செலவுக்கும் போடும் பதிவு) போடுவாள். லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருத்தி தட்ட இன்னொருத்தி பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த வேகம் வரவே இல்லை.

சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னை வேலைக்கு எடுத்த முதலாளி சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கட்டுக் கொள்முதல் பில்லைக் கையில் கொடுத்து, "இதைப் போடும்மா" என்றார். நடுவில் குண்டூர் வத்தல் பில் ஒன்று இருந்தது. விற்றவரின் ஜிஎஸ்டி எண் ஆந்திராவுக்கான 37 என்று ஆரம்பித்தது. நம் தமிழ்நாட்டுக்கு 33. வெளிமாநிலச் சரக்கு, அதனால் ஐஜிஎஸ்டி. அதை உள்மாநிலச் சரக்குக்குப் போடுவதுபோல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போடுகிறேனா என்றுதான் அவர் பார்த்தார். பெரிய நிறுவனங்களில் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கலாம். எங்கள் பக்கத்துக் கடைகளிலும் மில்களிலும் உட்கார வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். கணக்கு எழுதும் வேலையில் என்ட்ரி போடுவது பாதிகூட இல்லை. மாசக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்டோடு நம் கணக்கு டேலி ஆகாது, பார்ட்டி அனுப்பும் லெட்ஜரோடு (பேரேடு) நம் லெட்ஜர் ஒத்துப்போகாது, ஜிஎஸ்டி போர்ட்டலில் 14-ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பியில் (விற்றவர்கள் நமக்குப் போட்டதாகக் காட்டிய பில்களின் பட்டியல்) இருக்கும் பில் நம்மிடம் இருக்காது. எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அதனால் டேலியை எங்கே படிக்கலாம் என்று யோசிக்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: தப்பைத் தேடிப் பழக எந்த இடத்தில் நேரம் கொடுப்பார்கள்?

இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் லேப் மேடம். அப்போது கல்லூரி கம்ப்யூட்டர்களில் டேலி ஈஆர்பி 9 கல்விப் பயன்பாட்டு முறையில் ஓடியது. அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் வவுச்சர் போட முடியும். பலர் இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். மேடம் எல்லாவற்றையும் 1-ஆம் தேதியிலேயே போடச் சொல்லி, உண்மையான தேதியை நரேஷனில் (வவுச்சரில் குறிப்பு எழுதும் இடம்) எழுதச் சொல்லிவிட்டார். தெரிந்த கடை ஒன்றின் பழைய பில்களையும் செக் அடிக்கட்டைகளையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பெயரை மறைத்து ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். அதுவரை ரெக்கார்டு நோட்டில் இருந்த கணக்குகளைத்தான் நாங்கள் போட்டுக்கொண்டிருந்தோம். அவை எப்போதும் சரியாகவே வரும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கையால் பேரேடு எழுதினால் ஒரு பக்கம் விட்டுப்போகும், பற்று வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வு இடிக்கும், அப்போதே தெரிந்துவிடும். டேலியில் பற்றும் வரவும் சமமாக இல்லாவிட்டால் வவுச்சரே சேவ் ஆகாது. அதனால் எவ்வளவு தப்பாகப் போட்டாலும் இருப்பாய்வு அழகாக வந்து நிற்கும். மெஷின் வாங்கியதைச் சரக்குக் கொள்முதலில் போட்டாலும் சரியாக வரும், 500-ஐ 5,000 என்று போட்டாலும் சரியாக வரும். தொடக்க இருப்புகளில் வித்தியாசம் இருந்தால் மட்டும் அதை ஒரு தனி வரியாகக் காட்டும். அந்த வரியை மறைக்க மூலதனத்தைக் கூட்டிக் குறைக்கிற பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன். டேலி ஆகிவிட்டது, அதனால் சரி என்ற நம்பிக்கைதான் புதிதாக வருபவர்களிடம் இருக்கும் பெரிய ஆபத்து.

அன்று எனக்கும் கூட இருந்தவளுக்கும் பேங்க் கணக்கில் 360 ரூபாய் வித்தியாசம் வந்தது. எங்கள் கணக்கில் 48,710. ஸ்டேட்மென்டில் 48,350. பேங்கில் இன்னும் பாஸாகாமல் பாக்கி நிற்கும் செக் எதுவும் இல்லை. மேடத்தைக் கூப்பிட்டோம். அவர் மவுஸைத் தொடவே இல்லை. "360-ஐ ஒன்பதால வகுத்துப் பாரும்மா" என்றார். நாற்பது, மீதியில்லை. "அப்போ எங்கியோ ரெண்டு எண்ணு இடம் மாறியிருக்கலாம். தொண்ணூறால வகுத்தா நாலு. நூறாவது இடத்துலயும் பத்தாவது இடத்துலயும் இருக்கிற எண்ணுக்கு நடுவுல நாலு வித்தியாசம் இருக்கணும். தேடு" என்று சொல்லிவிட்டு அடுத்த சிஸ்டத்துக்குப் போய்விட்டார்.

திரையில் பேங்க் லெட்ஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டேட்மென்டில் பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்தோம். பெல் அடித்து, அடுத்த வகுப்பும் போயிற்று. கடைசியில் 4,620-க்குக் கொடுத்த செக்கை 4,260 என்று போட்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். ஆறுக்கும் இரண்டுக்கும் நாலு. அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இன்றும் மறக்கவில்லை. வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடும் முறையையும் மேடம்தான் சொல்லிக் கொடுத்தார். 1,500 ரூபாய் வரவைத் தவறிப் பேமென்டில் போட்டால் வித்தியாசம் 3,000 காட்டும். கணினி வருவதற்கு முன்பே கணக்குப்பிள்ளைகள் கையாண்ட வழிகள் இவை. இன்றும் அப்படியே பயன்படுகின்றன.

ஒரு செக்கைத் தேட இரண்டு மணி நேரம் கொடுக்க வேறு எந்த இடத்தாலும் முடியாது. மையத்தில் தினம் ஒரு மணி நேர பேட்ச். இரண்டு மாதத்தில் லெட்ஜர், ஸ்டாக், ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல் எல்லாம் முடிய வேண்டும். வித்தியாசம் வந்தால் சொல்லிக் கொடுப்பவரே வந்து இரண்டு கீயைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவார் என்று என் தோழி சொல்வாள். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த பேட்ச் வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மையத்தில் மனப்பாடம் செய்த கீகள் நிலையானவை இல்லை. 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தபோது, Ctrl+F8 என்று பழகியிருந்த கிரெடிட் நோட் Alt+F6-க்குப் போய்விட்டது. எந்த மெனுவுக்கும் Alt+G தட்டிப் போகலாம் என்று வேறு வழியும் வந்தது. எல்லாருக்கும் பழக ஒரு வாரம் பிடித்தது, அவ்வளவுதான். ஆனால் சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் ஏன் போட வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு அந்த ஒரு வாரம் போதவில்லை.

ஆடிட்டர் அலுவலகத்தைப் பற்றி நான் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டும். அங்கே நான் வேலை பார்த்ததில்லை. தோழி சொல்லிக் கேட்டதும், எங்கள் கடைக் கணக்குக்காகப் போய்வரும்போது பார்த்ததும்தான். உண்மையான பில்லைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பத்து விதமான வியாபாரத்தை ஒரே மாதத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அங்கே காலண்டர்தான் முதலாளி. 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி, செப்டம்பர் வந்தால் வரித் தணிக்கை. வித்தியாசம் வரும்போது புதிதாக வந்த பெண்ணை எழுப்பிவிட்டு சீனியர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். என் தோழி ஒரு வருடம் முழுக்கக் கொள்முதல் பில் மட்டுமே போட்டாள். வேகம் வந்தது, பொறுமையும் வந்தது. ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எப்படி உருவாகிறது என்பதை அவள் பின்னாளில்தான் கற்றுக்கொண்டாள். நல்ல சீனியர் அமைந்தவர்களின் கதை வேறாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. சி.ஏ. படிக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

கல்லூரியின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. எங்கள் மூன்றாம் ஆண்டு தொடங்கியபோது கையில் இருந்த பாடத்திட்டத்தில் வாட் வரிதான் இருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்துவிட்டது. மேடம் தானாகப் படித்து வந்து நடத்தாவிட்டால் ஒழிந்துபோன வரியை எழுதித்தான் பாஸாகியிருப்போம். ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத் தட்டினாலே செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வந்துவிடும் என்ற நிலைமையும் இருக்கிறது. எல்லாம் ஆசிரியர் கையில்தான். அதனால் அக்கா மகளிடம் நான் முதலில் கேட்டது, "லேப் எடுக்கிற மேடமே கணக்குப்பதிவியலும் எடுக்கிறாங்களா, இல்ல வேற ஆளா?" என்பதுதான். ஒருவரே இரண்டையும் நடத்தினால், காலையில் கரும்பலகையில் போட்ட வங்கிச் சரிகட்டும் பட்டியல் (நம் கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் ஒப்பிடுவது) மத்தியானம் திரையில் வரும். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடமே டேலிதான். பள்ளியில் அவசரமாக முடித்ததை நிதானமாகத் திரும்பப் பார்க்கவும் அதுதான் வாய்ப்பு.

டேலியா, ஜோஹோ புக்ஸ் என்ற இன்னொரு கணக்கு மென்பொருளா என்றும் அவள் கேட்டாள். எங்கள் பக்கத்துக் கடைகளில் டேலிதான் ஓடுகிறது. ஜோஹோவில் ஸ்டேட்மென்டை ஏற்றினால் எந்த வரி எதனோடு பொருந்தும் என்று அதுவே காட்டும். எது நிஜமாகப் பொருந்துகிறது என்று முடிவு செய்ய வேண்டியது நாம்தான். கல்லூரியில் எது இருக்கிறதோ அதில் படித்தால் போதும்.

தப்பைத் தேடும் பழக்கத்தை நான் இவ்வளவு வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் தப்பான வவுச்சரை Alt+D தட்டி அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் இருந்தே ஆக வேண்டும். குத்துமதிப்பாகத் திருத்திப் பார்ப்பவர்களின் ஒவ்வொரு திருத்தமும் அதில் நிற்கும். எங்கே தப்பு என்று தெரிந்த பிறகு கை வைப்பவர்களின் கணக்கில் ஒரே ஒரு திருத்தம் இருக்கும்.

கடைசியில் அவள் கல்லூரி லேபிலேயே படித்தாள். விரல் வேகத்துக்காகக் கோடை விடுமுறையில் மையத்தில் ஒரு மாதம் போகட்டும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன், அதையும் செய்தாள்.

போன நவம்பரில் லேபிலிருந்தே கூப்பிட்டாள். "சித்தி, பேங்க்ல 531 ரூபா இடிக்குது. ஒன்பதால வகுத்தா 59 வருது, ஆனா எந்த எண்ணும் இடம் மாறல." எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. "ஒன்பதால வகுபடுறது எல்லாமே இடம் மாறினதா இருக்காது. ஸ்டேட்மென்ட்ல இருந்து உன் லெட்ஜரைப் பாரு, இந்தப் பக்கத்துல இருந்து பார்க்காத" என்று மட்டும் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து மெசேஜ் வந்தது: பேங்க் சார்ஜ் 450, அதற்கு ஜிஎஸ்டி 81. ஸ்டேட்மென்டில் இரண்டு வரியாக இருந்திருக்கிறது. அவள் கணக்கில் இரண்டுமே இல்லை. 81-ஐ சிஜிஎஸ்டி 40.50, எஸ்ஜிஎஸ்டி 40.50 என்று பிரித்துத் தனியாகப் போட்டுவிட்டேன், சரிதானே என்று கடைசியில் கேட்டிருந்தாள். சரி என்று பதில் போட்டேன்.