வேலூரில் டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சேரப் போகிறவர்களுக்கு: முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள்

வேலூர் டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் குரூப் 4 பேட்ச் சேர்ந்தவர்களுக்கு நடந்தது இது. மையத்தின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பிரயோஜனம் இல்லை, பலகை ஏற்கெனவே ஒருமுறை மாறிவிட்டது.

டிஎன்பிஎஸ்சியின் (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) ஆண்டு அட்டவணை வெளியான சமயத்தில் சேர்க்கை நடந்தது. பத்து மாத வகுப்பு, கட்டணம் 30,000 ரூபாய். "இன்னிக்கே முழுசா கட்டிட்டா அஞ்சாயிரம் குறைச்சுக்கலாம் தம்பி, நாளைக்கு வந்தா சீட் இருக்குமான்னு நான் சொல்ல முடியாது" என்றார்கள் கவுன்ட்டரில். ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே இங்கே புரட்டி 25,000 கட்டினார்கள். முதல் மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் தமிழ் ஆசிரியர் நின்றுவிட்டார். மூன்றாம் மாதம் யூபிஎஸ்சி, குரூப் 1, குரூப் 4 மூன்று பேட்ச்சையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து 'இன்டக்ரேட்டட் பேட்ச்' என்று பெயர் சூட்டினார்கள். மாலை நாலு மணிக்கு முடிந்துகொண்டிருந்த வகுப்பு ராத்திரி ஒன்பது வரை இழுத்தது. ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போக, பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அதையே காரணமாகச் சொன்னார்கள்: "நீங்கதான் ஒழுங்கா வரல, அட்டெண்டன்ஸைப் பாருங்க." ரசீதின் பின்பக்கம் சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப்: 'கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.'

ஆசிரியர் நிற்பது, நேரம் மாறுவது எல்லாம் எந்த மையத்திலும் நடக்கும். மாதாமாதம் கட்டுகிற இடத்தில் அது நடந்தால் ஒரு மாதப் பணத்தோடு போகும். இங்கே பத்து மாதப் பணமும் போனது. ஐந்தாயிரம் தள்ளுபடி என்பது உங்கள் பிடியை முதல் நாளே விடச் சொல்லிக் கொடுக்கும் விலை.

'நாளைக்கு சீட் இல்லை' என்பதற்கு அர்த்தமே இல்லை. எந்தத் தேர்வு எப்போது என்று தேர்வாணையமே ஆண்டு அட்டவணையில் சொல்லிவிடுகிறது. பயிற்சி மைய விளம்பரங்களுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில், இல்லாத அவசரத்தை உண்டாக்கிச் சேர்க்கை பிடிப்பதும் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. அதே நெறிமுறைப்படி, தேர்வானவர் படத்தைப் போட்டால் அவர் எந்தப் பயிற்சியில், எத்தனை காலம் படித்தார், பணம் கட்டிப் படித்தாரா என்பதையும் போட வேண்டும். அவரிடம் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வாங்கியிருக்க வேண்டும், அதுவும் தேர்வான பிறகு. ஒரே முகம் நாலு மைய ஃபிளெக்ஸில் சிரிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இலவச மாதிரி நேர்முகத் தேர்வுதான். அரை மணி நேரம் போய் உட்கார்ந்து வந்தவர், அங்கேயே படித்தவராகிவிடுகிறார்.

குரூப் 4 விளம்பரங்களில் இதைவிட நுட்பமான ஒரு வேலை நடக்கிறது. 'எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் தேர்ச்சி' என்று போடுவார்கள். இந்தத் தேர்வு மொத்தம் 300 மதிப்பெண், குறைந்தபட்சம் 90. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுத்து, மொத்தத்தில் 90ஐத் தாண்டினால் தரவரிசையில் இடம் வந்துவிடும். அந்த இடம் ஆயிரத்திலும் இருக்கலாம், லட்சத்திலும் இருக்கலாம், வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை பேர் கலந்தாய்வுக்குப் போனார்கள், எத்தனை பேருக்குப் பணி ஆணை வந்தது என்று கேளுங்கள். முடிவுகளைப் பதிவெண் வாரியாகத்தான் தேர்வாணையம் வெளியிடுகிறது, ஆகவே பதிவெண் கொடுத்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். 'அதெல்லாம் கொடுக்க மாட்டோம்' என்றால் ஃபிளெக்ஸை மறந்துவிடுங்கள்.

அடுத்து, டைம் டேபிளைக் கையில் வாங்குங்கள். குரூப் 4ல் 200 கேள்வி: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆக வகுப்பு நேரத்தில் கிட்டத்தட்ட பாதி தமிழுக்குப் போக வேண்டும். இன்டக்ரேட்டட் பேட்ச்சில் நடப்பது தலைகீழ்: யூபிஎஸ்சிக்கு நடத்தும் அரசியலமைப்பும் பொருளாதாரமும் ஓடிக்கொண்டே இருக்கும், தமிழ் வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்க்கும். யூபிஎஸ்சிக்கு வந்தவருக்கும் நஷ்டம்தான். அங்கே தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும், சிசாட் என்கிற திறனறித் தாளில் 200க்கு 66 எடுத்தே ஆக வேண்டும். டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்குக் கழிவே இல்லை. தெரியாததையும் குறித்துவிட்டு வா என்ற பழக்கத்தை ஒருவருக்கும், தெரியாததைத் தொடாதே என்ற பழக்கத்தை இன்னொருவருக்கும் ஒரே வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மெட்டீரியலைப் பார்க்காமல் பணம் கட்டவே கூடாது. மேலே சொன்ன மையத்தில் கொடுத்த ஸ்பைரல் பைண்டிங் புத்தகத்தில் 'தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32' என்றிருக்கிறது. இப்போது 38. வேலூர் மாவட்டத்தை 2019ல் மூன்றாகப் பிரித்தார்கள் என்பது பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். இவர்கள் புத்தகத்திலோ காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இன்னும் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது (திருப்பத்தூர் மாவட்டம்), ராணிப்பேட்டை தொழிற்பேட்டையும் அப்படியே (ராணிப்பேட்டையே தனி மாவட்டம்). வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10 என்று மட்டும் சரியாக இருந்தது. புரட்டும்போது இன்னும் சிலதைப் பாருங்கள். மாநிலங்கள் 29 என்றிருந்தால் பழசு, இப்போது 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம். திட்டக்குழு இன்னும் உயிரோடு இருந்தால் 2015க்கு முந்தைய சரக்கு. இந்திய தண்டனைச் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது என்று இருந்தால் 2024 ஜூலைக்கு முந்தையது. வரலாறு, தமிழ் பகுதிகளுக்கு 2018-19 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களோடு ஒரு பாடத்தையாவது ஒப்பிட்டால் போதும், எதிலிருந்து காப்பியடித்தார்கள் என்று தெரிந்துவிடும். அந்தப் பாடநூல்கள் அரசின் தளத்திலேயே பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன என்பதையும், இந்த ஸ்பைரலுக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

மாதிரித் தேர்வுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். ஓஎம்ஆர் விடைத்தாளில் ஏ, பி, சி, டி என்று நாலே வட்டம் இருந்தால் எழுந்து வந்துவிடலாம். 'விடை தெரியவில்லை' என்பதற்கான ஐந்தாவது வட்டம், இ, வந்து பல வருஷம் ஆகிறது. எந்த வட்டத்தையும் நிரப்பாமல் வெறுமையாக விட்டால் மதிப்பெண் பிடிப்பார்கள். நாலு வட்டத்தில் பத்து மாதம் பழகியவர் உண்மைத் தேர்வில் தெரியாத கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வருவார். எதனால் மார்க் போனது என்றே அவருக்குத் தெரியாது. பழைய வினாத்தாள்களை ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி, மையத்தின் டெஸ்ட் தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிசை எண்ணைக்கூட மாற்றாமல் எடுத்துப் போட்டிருப்பார்கள்.

'ஓடிஆர், அப்ளிகேஷன் எல்லாம் நாங்களே போட்டுத் தர்றோம்' என்பதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓடிஆர் என்கிற நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருஷம் செல்லும். வீட்டில் உட்கார்ந்தே போடலாம். மையத்தில் போடும்போது அவர்கள் மெயிலும் அவர்கள் மொபைல் எண்ணும் உள்ளே போய்விடும். பிறகு ஆணையத்திலிருந்து வரும் தகவல், பாஸ்வேர்டு மாற்ற வரும் ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும். மையத்தோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் பதிவே அவர்கள் கையில். பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் உள்ள மூன்று முறை கட்டண விலக்கில் எத்தனை தீர்ந்தது என்பதும் தெரியாமல் போகும், தப்பாகக் கேட்டால் விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்கிற மையத்தில் எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்காதீர்கள். வகுப்பெடுக்க அது எதற்கு?

கையில் பணம் இல்லை என்றால் 'வட்டியில்லாத இஎம்ஐ' என்பார்கள். அது மையத்துக்குக் கட்டும் தவணை இல்லை, உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். முழுத் தொகை மையத்துக்குப் போய்விடும், மையம் பூட்டினாலும் தவணை உங்கள் கணக்கில் பிடிபடும், நிறுத்தினால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் அடிபடும். கையெழுத்துக்கு முன், கடனின் வட்டியும் கட்டணங்களும் எழுதிய முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள், கொடுத்தே ஆக வேண்டும். ஆப் வழியாக வாங்கும் கடனில் குறிப்பிட்ட நாட்களுக்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டி, அபராதமில்லாமல் வெளியே வரும் வசதியும் அதில் இருக்கும். நிதி நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு எண் 14448.

இலவச வழிகளையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டிஎன்பிஎஸ்சிக்கு இலவச வகுப்பு நடக்கிறது. யூபிஎஸ்சி என்றால் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேரை எடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள். ஆயிரத்தில் வர முடியாது என்று நினைப்பவர், முதல்நிலையில் வருவதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

'மேலே ஆள் இருக்கு, கொஞ்சம் செலவாகும்' என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே வெட்டுங்கள். குரூப் 4ல் நேர்முகத் தேர்வே கிடையாது, யாரும் மார்க் போட்டுத் தர வழியில்லை. 2019 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை தேர்வு மையங்களில் மறையும் மையை வைத்து விளையாடியதில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விழுந்தது.

ஏற்கெனவே கட்டி மாட்டிக்கொண்டவர்களுக்கு: ரசீது, யூபிஐ பரிவர்த்தனை எண், விளம்பர நோட்டீஸ், டைம் டேபிள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து உங்களைத் தூக்குவதற்கு முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். நேரம் மாறியது, ஆசிரியர் வராதது எல்லாம் அதில்தான் தேதியோடு இருக்கிறது. ரசீதில் ஜிஎஸ்டி என்று 18 சதவீதம் பிடித்திருந்தால் 33ல் தொடங்கும் 15 இலக்க எண் இருக்கிறதா, ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். எண் இல்லாமல் வரி வாங்கியிருந்தால் அது தனிப் புகார்.

பிறகு தேதி போட்டு ஒரு கடிதம், ஸ்பீடு போஸ்ட்டில். கணக்கைத் தெளிவாக எழுதுங்கள்: பத்து மாதத்துக்கு 25,000, நாலு மாதம் போனது, மீதி ஆறு மாதத்துக்கு 15,000. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கொடுத்த வழிகாட்டல்படி, 50 பேருக்கு மேல் படிக்கும் மையத்திலிருந்து இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் தர வேண்டும், ஹாஸ்டல் பணமும் அப்படியே. அது மாநிலங்களுக்கான வழிகாட்டல்தான், நேரடிச் சட்டமில்லை. சட்டம் என்று பிடிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47) இருக்கிறது: குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ரப்பர் ஸ்டாம்ப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். அது சமரசம் பேசும் இடம், உத்தரவு போடாது, ஆனால் சில மையங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்திலேயே தாக்கல் செய்யலாம். தலைமையகம் சென்னையில், வேலூரில் ஃபிரான்சைஸ் என்றால் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். 'கல்வி சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் சொல்வார். கல்வி நிறுவனங்களுக்கு அப்படி விலக்கு சொன்ன 2020ஆம் ஆண்டு தீர்ப்பிலேயே, பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலை மனுவோடு இணைத்துவிடுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அடுத்த தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் கோட்டை விடுவது இந்தக் கெடுவில்தான்.