மலை மறைக்கும் ஊருக்கு எது: பேஸ்டு அரேயா, பிரதிபலிப்புத் தட்டா?

நகரி மலையடியில் இருக்கும் என் அத்தை, போன் அடித்தால் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே போய் நின்ற பிறகுதான் "சொல்லுப்பா" என்பார். டவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 6ஜி ஆன்டெனா ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகம் வரும்.

பேஸ்டு அரே (phased array) என்றால் பல ஆன்டெனாக்களை அடுக்கி ஒன்றாக வேலை வாங்குவது. எங்கள் பக்கத்துக்கு அது புதிதில்லை. திருப்பதி அருகே காதங்கியில் இருக்கும் ரேடார், பழைய டிவி ஆன்டெனா மாதிரியான 1,024 யாகி ஆன்டெனாக்களை 130 மீட்டர் சதுரத்தில் நிறுத்தி, 53 மெகாஹெர்ட்ஸில் வானத்தைப் பார்க்கிறது. எந்த ஆன்டெனாவும் திரும்புவதில்லை. ஒவ்வொன்றுக்கும் போகும் அலையைச் சற்று முன்பின்னாக அனுப்பினால் கற்றை தானே சாயும். 5ஜி டவரிலும் இதே வித்தைதான். 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 8.6 செ.மீ.; அதில் பாதி இடைவெளி விட்டு அடுக்கினால் 64 ஆன்டெனாவும் 34 செ.மீ. சதுரத்தில் அடங்கிவிடும். எஃப்ஆர்-4 எனும் செம்பு ஒட்டிய சர்க்யூட் பலகையை, வேண்டாத செம்பு கரைய பெர்ரிக் குளோரைடில் ஊறவைத்து நான் எடுத்த பேட்ச் (தட்டை ஆன்டெனா) ஒன்று வெறும் 26க்கு 20 மி.மீ. தபால்தலை மாதிரி உள்ளங்கையில் கிடந்தது. செலவு ஆன்டெனாவில் இல்லை. அதன் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையர்களும் அவை குடிக்கும் கரண்டும் கக்கும் சூடும்தான் செலவு.

ஆர்ஐஎஸ் எனப்படும் பிரதிபலிப்புத் தட்டில் அந்தத் தொல்லை இல்லை. கட்டம் கட்டமாக உலோகத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு டயோடு. வந்து விழும் அலையை வேண்டிய பக்கம் திருப்பிவிடும். கரண்ட் மிகக் குறைவு. மலை மறைக்கும் ஊருக்கு இதுவே தீர்வு என்று நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

பிறகு கணக்குப் போட்டேன். டவரிலிருந்து மலையுச்சி 2 கி.மீ., அங்கிருந்து அத்தை வீடு 500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் பட்டு வரும் அலை எவ்வளவு தேயும் என்பதற்கு இரண்டு தூரத்தையும் கூட்டக் கூடாது, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். மலையே இல்லாதிருந்தால் வந்திருக்கும் சிக்னலுக்குச் சமமாக வர, 3.5 கிகாஹெர்ட்ஸில் தட்டு 34 சதுர மீட்டர் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 18,700 கட்டங்கள். ஒரு சதுர மீட்டர் தட்டோடு நிறுத்திக்கொண்டால் சிக்னல் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 26 கிகாஹெர்ட்ஸில் பரப்பு 4.6 சதுர மீட்டராகச் சுருங்கும், ஆனால் கட்டங்கள் 1.4 லட்சத்தை நெருங்கும்.

அதே தட்டு வீட்டிலிருந்து 10 மீட்டரில் இருந்தால் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவே போதும். ஆனால் அது நிற்கும் இடத்திலிருந்து டவர் தெரிய வேண்டும். நகரி கடைத்தெருவில், எதிர்மாடி மறைக்கிற வீட்டுக்கு இது அருமையாகப் பொருந்தும். அங்கே நான் தட்டைத்தான் கேட்பேன். மலையடி ஊருக்கு அது சரிப்படாது.

அத்தை ஊருக்கு என் ஓட்டு அரேவுக்கே. உச்சியில் இரண்டு சின்ன அரே: ஒன்று டவரைப் பார்க்க, மற்றது ஊரைப் பார்க்க, நடுவில் ஆம்ப்ளிஃபையர், பக்கத்தில் சோலார் தகடும் பேட்டரியும். இடி விழும் உச்சி அது, எர்த் நன்றாகப் போட வேண்டும். பேட்டரி மாற்ற யாராவது மலையேறத்தான் வேண்டும். அந்த வேலைக்கு மாதச் சம்பளத்தில் ஊர்க்காரர் ஒருவரை வைத்தால், அத்தை மாடிப்படி ஏற வேண்டியிருக்காது.