பொம்மையா, நடிக்கும் நோயாளியா? இறுதியாண்டுத் தேர்வுக்கு நான் எடுத்த பக்கம்

இறுதியாண்டு மருத்துவ மாணவர்கள் முடிவெடுக்கும் திறனை எப்படிச் சோதிப்பது? பினாங்கில் எங்கள் பிரிவுக்குப் போன வருடம் இந்தக் கேள்வி வந்தது. மூச்சு விடும், நாடி துடிக்கும் கணினிப் பொம்மை ஒரு வழி. நோயாளியாக நடிக்கப் பழகிய மனிதர்கள் இன்னொரு வழி. பணமும் ஆளும் ஒன்றுக்குத்தான் போதும். நான் மனிதர்களுக்காகப் பேசினேன், அதையே எடுத்தோம். ஒரு தேர்வு நடத்தி முடித்த பிறகும் அதே பக்கம்தான் நிற்கிறேன்.

பொம்மையின் பலம் எல்லோருக்கும் தெரியும். இதயம் நின்றவருக்கு மாணவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்துகிறாரா என்று அது அளந்து சொல்லும். உயிருள்ள ஆளை அப்படி அழுத்த முடியாது. நடிக்கும் நோயாளி முறையும் பழையதுதான். நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963இலேயே கலிஃபோர்னியாவில் தொடங்கிவிட்டார்.

என்னை முடிவுக்குக் கொண்டு வந்தது ஒரே விஷயம்: நோயைக் காட்டும் துப்பு எப்போது வெளியே வருகிறது? பொம்மை அறையில் மாணவர் நுழைந்ததுமே ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன், இதயத் துடிப்பு எல்லாம் மானிட்டரில் ஓடுகின்றன. பாதி முடிவைத் திரையே எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

எங்களுக்காக நடிக்க பட்டர்வொர்த்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வருகிறார். எல்லோருக்கும் அவர் ஆண்ட்டி. மாணவர் உட்கார்ந்ததும், "காஸ்ட்ரிக்தான் டாக்டர். நேத்து ராத்திரி நாசி கண்டார் சாப்பிட்டேன், அதுல இருந்து மேல் வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்பார். நெஞ்சு வலி என்ற சொல்லே அவர் வாயில் வராது. வேறு நோய் உண்டா என்று கேட்டால்தான் 12 வருடச் சர்க்கரை வெளியே வரும். வியர்த்ததா என்று கேட்டால்தான் விடியற்காலையில் சட்டை நனைந்ததைச் சொல்வார். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம் என்று எல்லா மாணவர்களும் படித்திருக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் வயிற்றுக்கு மருந்து எழுதுகிறார், இன்னொருவர் உடனே ஈசிஜி கேட்கிறார். வந்த 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டிய ஈசிஜி அது. தாளைக் கையில் கொடுத்தால் இருவருமே சரியாகப் படிப்பார்கள். நான் மதிப்பெண் போட வேண்டியது அந்தத் தாளைக் கேட்கத் தோன்றியதா என்பதற்கு.

பொம்மைக்கும் பின்னாலிருந்து ஒருவர் மைக்கில் குரல் கொடுக்கலாம். செய்து பார்த்தோம். கேள்விகள் குறைந்தன, மாணவர்களின் கண் திரையை விட்டு நகரவில்லை.

அப்புறம், ஒரு கேஸில் நன்றாக யோசிப்பவர் அடுத்ததிலும் அப்படியே யோசிப்பார் என்று நம்ப முடியாது. 1970களிலேயே ஆய்வுகள் இதைக் காட்டிவிட்டன. அதனால் கேஸ்கள் நிறைய வேண்டும். எட்டு பேர் கிடைத்தால் எட்டு அறை ஓடும், ஒரு பொம்மைக்கு ஒரு அறைதான்.

மனிதர்களிடம் சிக்கல் இல்லாமல் இல்லை. மதியத்துக்கு மேல் ஆண்ட்டிக்கு இரக்கம் வந்துவிடும். திணறும் பிள்ளையைப் பார்த்ததும் கேட்காமலே "வேர்த்துச்சு தம்பி" என்று சொல்லிவிட்டார். காலையில் வந்தவருக்கு அது அநியாயம். இப்போது ஆறு மாணவர்களுக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறோம், தேர்வுக்கு முன் மூன்று மதியம் ஒத்திகை வைக்கிறோம். பொம்மை களைப்பதில்லை, இது அதற்குச் சேர வேண்டிய புள்ளி.

மயக்க மருந்துத் துறைக்கோ குழந்தை மருத்துவத்துக்கோ நான் இப்படித் தேர்வு நடத்தியதில்லை. நோயாளி கண்முன்னே சரியும் நெருக்கடிகளில் பொம்மையே மேல் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் பழைய பொம்மை ஒன்றை இரவல் வாங்குகிறோம். ஆண்ட்டியின் அறையில் ஈசிஜி கேட்டவரும் கேட்காதவரும் அடுத்த அறைக்குப் போவார்கள். அங்கே அதே நோயாளி, நாடி இல்லாமல், பொம்மையாகப் படுத்திருப்பார்.