இன்னொரு பெரிய கட்டடமா, பக்கத்து ஊர் கிளினிக்கா: மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் வளரணும்?

ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு காசு வருது, இடம் கிடைக்குது, டாக்டருங்களும் இருக்காங்கன்னு வைங்க. அதை எங்க போடுறது? இன்னும் ஆயிரம் பெட்டா, இல்ல சுத்துப்பட்டு ஊருக்குள்ள நர்ஸ், வண்டி, சின்ன ஆஸ்பத்திரின்னு இறங்குறதா? இதுக்கு தமிழ்நாட்டுலயே நாலு விதமான பதில் நடந்துக்கிட்டு இருக்கு, அதுல ரெண்டு ஒரே நிர்வாகத்துக்குள்ள இருக்கு, அதான் வேலூர் சிஎம்சி, கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ். அங்கயிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதல்ல பெரிய கேம்பஸ். 2022ல ரத்தினகிரி பக்கம், சென்னை பெங்களூரு ஹைவே ஓரமா சிஎம்சி ராணிப்பேட்டை கேம்பஸ் திறந்தாங்க, 1,500 பெட் கணக்குல கட்டினது. டவுன்ல இருக்கிற பழைய ஆஸ்பத்திரி நூறு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா கட்டடம் மேல கட்டடமா வளர்ந்த இடம், வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்குன்னு காட்பாடில ரயில் இறங்கி வர்ற கூட்டத்தைப் பார்த்தவங்களுக்கு அங்க இனிமே ஒரு ஸ்ட்ரெச்சர் திருப்பக்கூட இடம் இல்லைன்னு புரியும். அதனால வெளிய போனது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். முக்கியமா விபத்து சிகிச்சைக்கு ஹைவே மேல பெரிய டிராமா சென்டர் இருக்கிறதுக்கு மாற்றே கிடையாது. 2022ல நாட்டுலயே அதிக சாலை விபத்து பதிவானது தமிழ்நாட்டுலதான். தலையில அடிபட்டவருக்கு ஊர் நர்ஸ் என்ன பண்ண முடியும், ஸ்கேனும் நியூரோ சர்ஜனும் ரத்த வங்கியும் ஒரே கூரைக்குக் கீழ வேணும்.

ஆனா பெட் ஏத்தினா மக்களுக்கு வைத்தியம் கிட்ட வந்துடும்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துவரல. பெரிய ஆஸ்பத்திரிக்கு வாசல் வரைக்கும் வந்தவங்களை மட்டும்தான் தெரியும். ஒரு நாள் கூலியை விட்டுட்டு, கூட ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்து, டோக்கன், ரத்த டெஸ்ட், ரிசல்ட்டுக்கு மதியம் வரைக்கும் காத்திருப்புன்னு தாங்க முடிஞ்சவங்கதான் அந்த வாசலுக்கு வர்றாங்க. தாங்க முடியாதவங்க எந்தக் கணக்குலயும் வர்றதில்ல.

இதே சிஎம்சியோட இன்னொரு முகம், அதோட சமுதாய மருத்துவத் துறை பாகாயம் பக்கம் நடத்துற சாட் ஆஸ்பத்திரி. இதைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம மக்கள் நிறைய பேருக்கு சிஎம்சின்னா டவுன் ஆஸ்பத்திரி மட்டும்தான் தெரியும். ஐடா ஸ்கடர் அம்மா காலத்துலயே வேலூர்ல இருந்து குடியாத்தம் போற ரோட்டோரமா மரத்தடில நின்னு நோயாளிகளைப் பார்த்திருக்காங்க, 1900ல ஒரே ஒரு பெட்டோட சிஎம்சியை ஆரம்பிச்சவங்க அவங்க. அந்தப் பழக்கத்தோட தொடர்ச்சியாதான் சமுதாய மருத்துவத் துறை கணியம்பாடி பிளாக்கைத் தன் பொறுப்புல எடுத்துக்கிச்சு, லட்சத்துக்கு மேல ஜனத்தொகை. ஊர்லயே குடியிருக்கிற ஒரு அம்மா சுகாதாரப் பணியாளரா இருப்பாங்க, அவங்களுக்கு மேல ஹெல்த் எய்டு, அதுக்கு மேல நர்ஸ், அப்புறம் டாக்டர். பிறப்பு, இறப்பு, யார் முழுகாம இருக்காங்க, எந்தக் குழந்தைக்கு தடுப்பூசி பாக்கின்னு எல்லாம் வீடு வீடா பதிவாகும், மொபைல் கிளினிக் வண்டி சொன்ன நாள்ல ஊருக்கு வரும். மலைல இருக்கிற மக்களுக்குன்னு ஜவ்வாது மலைக்கும் போறாங்க.

இதுல என்ன பெரிய விஷயம்னா, வராதவங்க யாருன்னு தெரியும். ஏற்கனவே சிசேரியன் ஆன ஒரு பொண்ணு எட்டாம் மாசம் வண்டிக்கு வரலைன்னா அது பதிவேட்டுல காலியா நிக்கும், ஊர்ல இருக்கிற அம்மா வீட்டுக்கே போய் கதவைத் தட்டுவாங்க, என்னம்மா கால் வீங்கியிருக்கே தலைவலி இருக்கான்னு கேப்பாங்க, பிரஷர் ஏறியிருந்தா சாட் ஆஸ்பத்திரி, அங்க முடியாட்டி பெரிய ஆஸ்பத்திரி. எந்த ஆயிரம் பெட்டும் இந்தக் கதவைத் தட்டுற வேலையைப் பண்ணாது.

கே.வி.குப்பம் பிளாக்ல 1977ல ஆரம்பிச்ச ருஹ்சாங்கிற சிஎம்சியோட கிராமப்புறப் பிரிவும் இதே குடும்பம்தான், அது வைத்தியத்தோட தொழில் பயிற்சி மாதிரி வேலையையும் சேர்த்துப் பண்ணுது. டவுன்ல இருக்கிற ஏழைங்களுக்கு 1982ல குறைந்த செலவு பிரிவு ஒண்ணு தனியா ஆரம்பிச்சாங்க, தேவையான டெஸ்ட் மட்டும், கட்டுப்படியாகிற மருந்து மட்டும்னு குடும்ப மருத்துவர்கள் நடத்துறாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளயே இருந்துக்கிட்டு, நம்ம வாசல்ல இருக்கிறவனுக்கே நம்ம வைத்தியம் கட்டுப்படியாகலைன்னு ஒத்துக்கிட்டு தனியா கதவு திறந்தாங்களே, அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சது.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஊருக்குள்ள போனா ஆராய்ச்சி கெட்டுப்போகும்னு ஒரு பேச்சு இருக்கு. அப்படியே நேர் எதிர். வேலூர் குடிசைப் பகுதிகள்ல குழந்தைகளைப் பிறந்ததுல இருந்து தொடர்ந்து கவனிச்ச, சிஎம்சில வேலை பார்த்த டாக்டர் ககன்தீப் காங் குழுவோட வேலை இல்லாம, குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு வர வைக்கிற ரோட்டா வைரஸ் பத்தி நமக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்காது. அதுக்கான ரோட்டாவேக் தடுப்பூசியோட மூணாம் கட்ட சோதனை டெல்லி, புனே, வேலூர்னு மூணு இடத்துல 6,799 குழந்தைங்ககிட்ட நடந்துச்சு, 2016ல தேசிய தடுப்பூசித் திட்டத்துக்குள்ள ரோட்டா தடுப்பூசி வந்துடுச்சு. ஊர் நம்பிக்கை இல்லாம தன் பச்சைக் குழந்தையை சோதனைக்கு யார் குடுப்பா?

இந்த மாடலோட குறையையும் சொல்லிடணும். மெதுவா வளரும், ரொம்ப மெதுவா. ஒரு பிளாக்கை கையில எடுத்து பதிவேடு சரியா ஓடவே பல வருஷம் ஆகும், பக்கத்து பிளாக் ஆளுங்க எங்களுக்கு ஏன் இல்லைன்னு கேட்டா பதில் கிடையாது.

வேகமா பரவணும்னா மூணாவது வழி, அரவிந்த் கண் மருத்துவமனையோட விஷன் சென்டர். 1976ல மதுரைல டாக்டர் வெங்கடசாமி 11 பெட்டோட ஆரம்பிச்சது, ரொம்ப காலம் கண் முகாம்தான் அவங்க பலம். ஆனா 1999ல வந்த ஒரு ஆய்வுல, கண் பிரச்சினை இருக்கிற கிராமத்து ஆளுங்கள்ல சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கே வர்றாங்கன்னு தெரிஞ்சுது. முகாம் நடத்திப் பேர் வாங்கின நிறுவனத்துக்கு இது சாதாரண அடி இல்ல, ஆனா அதை எடுத்துக்கிட்டு 2004ல இருந்து சின்ன டவுன்கள்ல நிரந்தர சென்டர் போட ஆரம்பிச்சாங்க, இப்ப நூறுக்கு மேல இருக்கு. உள்ள போனா பிளஸ் டூ முடிச்சு பயிற்சி எடுத்த ஊர்ப் பொண்ணுங்க ஸ்லிட் லாம்ப்ங்கிற கண் பரிசோதனைக் கருவில கண்ணைப் பார்த்து விவரத்தை ஏத்துவாங்க, பெரிய ஆஸ்பத்திரில இருக்கிற டாக்டர் வீடியோல பேசுவார், கண்ணாடி போதும்னா அங்கயே கண்ணாடி, புரைன்னா ஆபரேஷனுக்கு ரெஃபர். பஸ் செலவும் மிச்சம், கூலியும் மிச்சம்.

எல்லா வைத்தியத்தையும் இப்படிப் பண்ணலாமேன்னு உடனே தோணும், ஆனா கண்ணுக்கு ஒத்து வர்றது எல்லாத்துக்கும் ஒத்து வராது. புரைக்கு ஒரு ஆபரேஷன், பார்வைக்குறைக்கு ஒரு கண்ணாடி, வேலை முடிஞ்சுது. சுகர், பிரஷர், காசநோய், மனநோய் எல்லாம் முடியாத கணக்கு, மாசா மாசம் மாத்திரை, யாராவது விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும்.

அந்த மாசா மாச வேலையை எடுத்துக்கிட்டதுதான் நாலாவது, அரசோட மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சாங்க. மகளிர் குழுல இருந்து வந்த அக்காங்க வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை குடுக்கிறாங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு பிசியோ, வலி நிவாரண சிகிச்சைன்னு போகுது. பரப்புல இதுக்குப் பக்கத்துல வேற எதுவும் நிக்க முடியாது, மாநிலம் முழுக்க.

ஆனா இங்க ஒரு ஓட்டை. அந்த அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்தோட ஆளு, அதாவது பொது சுகாதாரத் துறை. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்ககம். ரெண்டும் அரசுதான், ஆனா வேற வேற நிர்வாகம். மாரடைப்பு வந்து காலேஜ் ஆஸ்பத்திரில பத்து நாள் இருந்துட்டு வீடு திரும்புறவரு, டிஸ்சார்ஜ் சீட்டை மடிச்சு மஞ்சப்பையில வச்சுக்கிட்டு வர்றாரு, மருந்து மாறினது அவர் எடுத்துக் காட்டுற வரைக்கும் அந்த அக்காவுக்குத் தெரியாது. சாட்ல வீட்டுக்கு வர்ற நர்ஸும் வார்டு டாக்டரும் ஒரே துறை ஆளுங்கங்கிறது இந்த இடத்துலதான் எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

அதனால என் ஓட்டு யாருக்குன்னா, விபத்து, இதயம், மூளைக்கு பெரிய கேம்பஸ், கண்ணு மாதிரி ஒரே தடவைல முடியுறதுக்கு அரவிந்த் வழி, ஆனா அடுத்த ரூபா எங்கன்னு கேட்டா சாட் வழிக்குத்தான். 2022 ஜனவரில தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 அரசு மெடிக்கல் காலேஜ் திறந்தாங்களே, அதுங்களுக்கு இன்னும் பழக்கம் இறுகல, இப்பவே ஒரு பிளாக்கைப் பொறுப்பா குடுத்துடலாம். எம்பிபிஎஸ் பசங்க குடும்பங்களைத் தத்தெடுக்கணும்னு விதியே இருக்கு, கிராமப்புற பயிற்சி மையமும் ஒவ்வொரு காலேஜுக்கும் உண்டு, அதெல்லாம் லாக் புக்ல கையெழுத்து வாங்குறதோட நிக்காம இருக்கணும். கள்ளக்குறிச்சி காலேஜுக்கு கல்வராயன் மலையைக் குடுங்க. முதல் வருஷம் அங்க இருக்கிற கர்ப்பிணிங்க லிஸ்ட்டு, சுகர் பிரஷர்காரங்க லிஸ்ட்டு, இந்த ரெண்டும் காலேஜ் கையிலயும் ஊர் அக்கா கையிலயும் ஒண்ணா இருக்கட்டும், வார்டுல இருந்து யார் டிஸ்சார்ஜ் ஆனாலும் அன்னைக்கே அந்த அக்காவுக்கு போன் போகட்டும். இதுக்கு புதுக் கட்டடம் ஒண்ணும் வேணாம், ரெண்டு இயக்ககமும் சேர்ந்து ஒரு ஆர்டர் போட்டா நாளைக்கே ஆரம்பிக்கலாம்.